ஷன்ட் இல்லை, ஆனால் துளை இருக்கிறது: தலையில் நீர் அறுவைக்குப் பிறகு அரிதாக வரும் சிக்கல்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் "தலையில தண்ணி" என்று சொன்னால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது குழாய்தான். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு சின்ன மேடு, கழுத்தோரமாக இறங்கும் ஒரு கோடு, வயிற்றுக்குள் போய் முடியும் ஷன்ட். என் தங்கையின் பேரனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒன்றரை வயதில் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழலை விட்டு அவன் மூளைக்குள் ஒரு துளை போட்டார்கள். நெற்றிக்கு மேலே, முடிக்குள் மறைந்துபோகும் ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான். அடுத்த தைப்பூசத்துக்கு அவன் அப்பா காவடி எடுத்தார். வேண்டுதலும் தீர்ந்தது, நோயும் தீர்ந்தது என்று நாங்கள் நம்பினோம்.

இரண்டு ஆண்டு கழித்து அந்தத் துளை மூடிக்கொண்டது.

அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், இந்த அறுவை என்ன செய்கிறது, அதற்குப் பிறகு என்னென்ன கோளாறுகள் அபூர்வமாக வரலாம், அவற்றை வீட்டில் இருப்பவர்கள் ஏன் வேறு ஏதோ என்று நினைத்துவிடுகிறோம் என்பதை விளக்க வேண்டும். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளுக்குப் பிறகு இதைப் பற்றிப் படிக்காமல், கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

மூளைக்குள் ஒன்றோடொன்று இணைந்த நான்கு அறைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர். ஆனால் எந்த நேரத்திலும் தலையிலும் தண்டுவடத்திலும் சேர்ந்து இருப்பது 150 மில்லி லிட்டர் அளவுதான். அதாவது ஒரே நாளில் மூன்று நான்கு முறை பழைய நீர் போய்ப் புது நீர் வருகிறது. பக்கத்து இரண்டு அறைகளிலிருந்து மூன்றாம் அறைக்கு, அங்கிருந்து சில்வியஸ் கால்வாய் என்ற மிகக் குறுகிய வழியாக நான்காம் அறைக்கு, பிறகு மூளையைச் சுற்றி வெளியே வந்து இரத்தத்தில் கலந்துவிடும். வழியில் எங்காவது அடைத்துக்கொண்டால் சுரப்பது நிற்காது. நீர் தேங்குகிறது, அறைகள் வீங்குகின்றன, மூளை நசுங்குகிறது. இதுதான் ஹைட்ரோசெபாலஸ். மண்டையோடு இன்னும் ஒட்டாத கைக்குழந்தைக்குத் தலையே பெரிதாகிக் கொஞ்சம் இடம் கொடுக்கும். வளர்ந்த பிள்ளைக்கு அந்த இடமும் கிடையாது. சுரப்பின் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஷன்ட் என்பது தேங்கிய நீரை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் குழாய். அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழிலாளி, தன் சொந்த மகனுக்காக 1956-இல் உருவாக்கிய வால்வு அதற்கு வழி திறந்தது. அந்தக் கண்டுபிடிப்பு எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் குழாய் அடைத்துக்கொள்ளும், கிருமி தொற்றும். குழந்தைகளுக்கு வைக்கும் ஷன்டுகளில் பத்துக்கு நான்கு முதல் ஆண்டுக்குள்ளேயே பழுதாகின்றன என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. வாழ்நாள் முழுதும் அறுவை, மறு அறுவை என்று அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

துளை போடும் முறை ஷன்டை விடப் பழையது. 1923-இல் பாஸ்டனில் வில்லியம் ஜேசன் மிக்ஸ்டர் என்ற அறுவை மருத்துவர், சிறுநீர்ப் பாதையைப் பார்க்கும் கருவியைக் குழந்தையின் மூளை அறைக்குள் விட்டு, மூன்றாம் அறையின் தரையில் துளை போட்டார். அன்றைய விளக்கும் கண்ணாடியும் போதாததால் அந்த வழியில் போனவர்கள் குறைவு. நல்ல லென்ஸும் கேமராவும் வந்த பிறகு, 1990-களில்தான் இது பரவலாக மீண்டு வந்தது. எண்டோஸ்கோபிக் தேர்ட் வென்ட்ரிகுலாஸ்டமி என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ஈடிவி என்கிறார்கள்.

செய்முறை கேட்பதற்கு எளிது. முன்தலையில் ஒரு சின்னத் துளை, அதன் வழியே பென்சில் பருமன் உள்ள எண்டோஸ்கோப். பக்கத்து அறைக்குள் இறங்கி, மன்றோ துவாரம் என்ற வாசலைத் தாண்டி, மூன்றாம் அறைக்குள் போகிறார்கள். அந்த அறையின் தரை பல குழந்தைகளுக்கு நீரின் அழுத்தத்தால் மெலிந்து, கண்ணாடித் தாள் போல ஊடே தெரியும். தரையில் பின்புறம் வெள்ளையாக இரண்டு சின்ன மேடுகள், முன்புறம் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் தண்டு தொடங்கும் சிவந்த குழிவு. இந்த இரண்டுக்கும் நடுவே மழுங்கிய முனையால் குத்தி, ஒரு குட்டி பலூனை ஊதித் துளையைச் சுமார் ஐந்து மில்லிமீட்டருக்கு விரிக்கிறார்கள். கால் தமனியில் அடைத்த இரத்தக்கட்டியை இழுப்பதற்காகத் தாமஸ் ஃபோகார்ட்டி 1960-களில் வடிவமைத்த பலூன் இங்கே இப்படி உதவுகிறது. நீர் அந்தத் துளை வழியாக நேரே மூளைக்கு வெளியே இறங்கிவிடும். சில்வியஸ் கால்வாயைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அந்தத் துளையின் அக்கம்பக்கத்தைப் பார்த்தால்தான் சிக்கல்கள் புரியும். தரைக்கு நேர் கீழே மூளைத்தண்டுக்கு இரத்தம் தரும் பேசிலார் தமனி. சுற்றுச்சுவர் ஹைப்போதலாமஸ்; தாகம், பசி, உடல்சூடு, தூக்கம், பருவமடைதல் எல்லாவற்றையும் ஆள்கிற இடம். உள்ளே நுழைந்த வாசலின் விளிம்பில் ஃபார்னிக்ஸ் என்ற நரம்புக் கற்றை, புதிய நினைவுகள் போகும் வழி அது. கண்ணை அசைக்கும் மூன்றாம் நரம்பும் கிட்டத்திலேயே இருக்கிறது. ஐந்து மில்லிமீட்டர் துளைக்கு இத்தனை அண்டை வீட்டார்.

தலையில் நீர் என்ற இந்தப் பிரச்சினை தென்னாப்பிரிக்காவில் வேறொரு முகமும் கொண்டது. பணக்கார நாடுகளில் பிறவி அடைப்பும் குறைமாதக் குழந்தைகளின் மூளை இரத்தக் கசிவும் பெரிய காரணங்கள். இங்கே அவற்றோடு காசநோய் சேர்ந்துகொள்கிறது. காசநோய் மூளை உறையைத் தாக்கினால் மூளையின் அடியில் பசை போன்ற கசிவு படிந்து, நீர் போகும் வழிகளை அடைத்துவிடும். இந்த நாட்டு மருத்துவம் அந்த நோயோடு நெடுங்காலமாகப் போராடி வருகிறது. உலகின் முதல் இதயமாற்று அறுவையைச் செய்த கிறிஸ்டியன் பர்னார்ட் 1953-இல் எம்.டி. பட்டம் பெற்ற ஆய்வே காசநோய் மூளைக்காய்ச்சல் சிகிச்சை பற்றியதுதான். கேப் டவுன் ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனையின் அந்தோனி ஃபிகாஜியும் கிரஹாம் ஃபீகனும் இந்தக் காசநோய்ப் பிள்ளைகளுக்கு எண்டோஸ்கோப் அறுவை எந்த அளவு உதவும் என்று 2003-லேயே எழுதியிருக்கிறார்கள். இத்தகைய பிள்ளைகளுக்குத் தரை கண்ணாடித் தாளாக இருக்காது. தடித்து, மங்கி, அடியில் தமனி எங்கே என்று தெரியாதபடி இருக்கும். அதே அறுவை, ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல. எந்த இடத்தில் அடைப்பு என்று முதலில் பிரித்துப் பார்க்கிறார்கள். வெளியே உறிஞ்சப்படும் இடத்தில்தான் தடை என்றால் துளையால் பயன் குறைவு. அப்படிப்பட்ட பிள்ளைகளில் பலரை மருந்தாலேயே சமாளிக்கிறார்கள். அதனால் "அவர்கள் பிள்ளைக்குத் துளை போட்டார்கள், எங்கள் பிள்ளைக்கு ஏன் ஷன்ட்?" என்று கேட்கும் தாய்க்கு நியாயமான பதில் ஒன்று இருக்கவே செய்கிறது.

இடையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. முதுகுத்தண்டு பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தலையில் நீரும் கூடவே வரும். 2003 அக்டோபரிலிருந்து இந்த நாட்டில் மீலிமீல் என்ற மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் அமிலம் கலப்பது கட்டாயமானது. அதற்குப் பிறகு இந்த வகைப் பிறவிக் குறைகள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. எந்த அறுவையும் இல்லாமல், ரொட்டியின் வழியாக.

எங்கள் மாகாணத்தில் இந்த அறுவைக்குப் போகும் முக்கிய அரசு மருத்துவமனை, கேட்டோ மேனரில் 2002-இல் திறந்த இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனை. எங்கள் தாத்தாமார்கள் காய்கறித் தோட்டம் போட்டிருந்த மண் அது. நிறவெறி ஆட்சியின் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் அவர்களை அங்கிருந்து கிளப்பி, 1960-களில் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் "இங்கேதான் எங்கள் கிணறு இருந்தது" என்று என் தங்கை ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

சரி, சிக்கல்களுக்கு வருவோம். உலகின் பல நாட்டு அறிக்கைகளைச் சேர்த்து 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஈடிவி செய்துகொண்ட 100 பேரில் 8 அல்லது 9 பேருக்கு ஏதோ ஒரு சிக்கல் வருகிறது. பெரும்பாலானவை சில நாட்களில் சரியாகின்றன. நிரந்தரப் பாதிப்பு 100-க்கு 2-க்குச் சற்று மேல். பேசிலார் தமனி கிழிவது 1000-க்கு 2 என்ற அளவில். மூளைக்குள் செய்யும் வேலைக்கு இவை நல்ல எண்கள் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டில் ஒன்று நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் எண்ணுக்கு மதிப்பில்லை. அதனால் பெற்றோர் கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

அறுவை மேசையிலேயே நடப்பவை நம் கையில் இல்லாதவை. பலூன் விரியும்போது தரை இழுபட்டு இதயத்துடிப்பு சட்டென்று குறையலாம். மயக்க மருத்துவர் குரல் கொடுப்பார், பலூனைச் சுருக்கியதும் துடிப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். உள்ளே கழுவும் திரவம் உடல்சூட்டில் இருக்க வேண்டும், போன திரவம் வெளியே வர வழியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும். சின்ன நாளங்களின் கசிவு கழுவக் கழுவ நின்றுவிடும். தமனியே காயப்பட்டால் நிலைமை வேறு. அந்த நேரம் பிழைத்துக்கொண்டாலும், காயம்பட்ட இடத்தில் மெல்லிய சுவருள்ள ஒரு பை உருவாகி, நாட்களோ வாரங்களோ கழித்து வெடிக்கலாம். ஆகவே அறுவையில் நிறைய இரத்தம் வந்த நோயாளிக்குப் பின்னால் தமனியைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். "எல்லாம்தான் சரியாகிவிட்டதே, இன்னொரு படம் எதற்கு?" என்று அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

வீட்டார் கண்ணில் படுபவை இதற்குப் பிறகு வருபவை. அதில் மிகவும் குழப்புவது நீரும் உப்பும். ஹைப்போதலாமஸ் கொஞ்சம் கசங்கினால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைந்துபோகும். பிள்ளை தண்ணீர் தண்ணீராகச் சிறுநீர் கழிக்கும், குடம் குடமாகக் குடிக்கக் கேட்கும். டர்பனின் ஜனவரி வெயிலில் பிள்ளை அதிகம் குடிப்பதை யார் சந்தேகப்படுவார்கள்? இன்னொரு வம்பு பெயரில் இருந்தது. இந்தக் கோளாறை நெடுங்காலமாக டயாபெட்டிஸ் இன்சிபிடஸ் என்றே அழைத்தார்கள். தென்னாப்பிரிக்க இந்தியர் வீடுகளில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனைத் தாளில் "டயாபெட்டிஸ்" என்று பார்த்ததும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இனிப்பை நிறுத்துவார்கள், "அளவோடு குடி" என்பார்கள். இந்த நோய்க்கும் சர்க்கரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தப் பிள்ளைக்குத் தண்ணீரை மறுத்தால் உயிருக்கே ஆபத்து. உலகம் முழுவதும் இதே குழப்பம் இருந்ததால் 2022-இல் நிபுணர்கள் பெயரையே மாற்றப் பரிந்துரைத்தார்கள். வாசோப்ரெசின் குறைபாடு என்பது இப்போதைய பெயர். பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். நீடித்தால் டெஸ்மோப்ரெசின் என்ற மருந்து இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். அந்த ஹார்மோன் மிகையாகிவிட்டால் உடல் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இரத்தத்தில் சோடியம் இறங்கும். 135-க்கும் 145-க்கும் இடையில் இருக்க வேண்டிய அளவு கீழே போகப் போக வாந்தி, மந்தம், கடைசியில் வலிப்பு. இது அறுவை முடிந்து சில நாள் கழித்து, பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகும் வரலாம். முதல் வாரத்தில் புதிதாக வலிப்பு வந்தால் "பேய் பிடித்தது" என்றோ "கண் பட்டது" என்றோ சுற்றிப்போட்டுக்கொண்டு இருக்க நேரம் இல்லை. இரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும். காசநோய் மூளைக்காய்ச்சலிலும் சோடியம் தானாகவே இறங்கும் என்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு இரட்டைக் கவனம் தேவை.

ஹைப்போதலாமஸ் தொடர்பான வேறு சில மாற்றங்கள் மாதக்கணக்கில் மெதுவாக வரும். அடங்காத பசி, வேகமாக ஏறும் எடை, வயதுக்கு முன்பே பருவமடைதல். இவை மிக அபூர்வம். ஆனால் பேரன் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு ரொட்டி கேட்டால் எந்த ஆயாதான் கவலைப்படுவாள்? நோயில் இளைத்த பிள்ளை தேறுகிறது என்றுதான் மகிழ்வாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடையும் உயரமும் எழுதி வைத்தால் போதும், கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

எண்டோஸ்கோப்பைச் சாய்க்கும்போது ஃபார்னிக்ஸ் கற்றை நசுங்கினால் நினைவு பாதிக்கப்படும். பெரியவர்களுக்குக் காலையில் சொன்னது மாலையில் இருக்காது. பழைய கதையெல்லாம் சரியாகச் சொல்வார்கள், நேற்று யார் வந்தது என்று தெரியாது. குழந்தைகளிடம் இதைக் கண்டுபிடிப்பது கடினம். வகுப்பில் ஆசிரியர் முதலில் கவனிப்பார், "கவனக்குறைவு" என்று எழுதி அனுப்புவார். அந்தக் கடிதத்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூன்றாம் நரம்பு தொட்டுப்போனால் இமை தொங்கும், கண் ஒரு பக்கம் ஒதுங்கும். சின்னப் பிள்ளைக்கு இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரியாது. ஒரு கண்ணை மூடிக்கொள்ளும், தலையைச் சாய்த்துப் பார்க்கும். பெரும்பாலும் வாரங்களில், மாதங்களில் தெளிந்துவிடும்.

தழும்பிலிருந்து தெளிந்த நீர் கசிந்து தலையணை நனைந்தால் அதை இரண்டு வகையில் பார்க்க வேண்டும். கிருமி உள்ளே போக வழி திறந்திருக்கிறது. அதோடு, உள்ளே போட்ட துளை சரியாக வேலை செய்யாததால்தான் நீர் வெளியே வழி தேடுகிறது என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம். புண் ஆறும் வரை அதன் மேல் மஞ்சள், எண்ணெய், திருநீறு எதுவும் வேண்டாம். திருநீறு நெற்றியில் இருந்தால் போதும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். இன்னும் ஒன்று, அறைகள் மிகவும் வீங்கியிருந்த கைக்குழந்தைகளுக்கு நீர் சட்டென்று இறங்கும்போது மூளை சற்றுச் சுருங்கி, மண்டையோட்டுக்கும் அதற்கும் நடுவே நீரோ இரத்தமோ சேரலாம். சிறிதாக இருந்தால் தானாகக் கரையும்.

இனி, என்னை இதை எழுத வைத்த விஷயம்.

துளையின் வெற்றியைக் கணிக்க, கனடாவின் அபய குல்கர்னியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2009-இல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். வயது, காரணம், முன்பு ஷன்ட் இருந்ததா என்று மூன்றே கேள்விகள். ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை, தொற்றால் வந்த நீர் என்றால் மதிப்பெண் 10 அல்லது 0. பத்து வயதுக்கு மேல், சில்வியஸ் கால்வாய் அடைப்பு, ஷன்ட் இல்லை என்றால் 90. மதிப்பெண்ணைச் சதவீதமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பையனுக்கு வயதுக்கு 40, காரணத்துக்கு 30, ஷன்ட் இல்லாததற்கு 10, மொத்தம் 80. நல்ல எண் என்று சந்தோஷப்பட்டோம். அந்த 80 பேசுவது முதல் ஆறு மாதத்தைப் பற்றி மட்டுமே என்பது எங்கள் மனதில் பதியவில்லை.

மூடிக்கொள்ளும் துளைகளில் பெரும்பாலானவை அந்த முதல் மாதங்களிலேயே மூடுகின்றன. ஆனால் சிலருக்கு ஆண்டுகள் கழித்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், தழும்புத் திசு வளர்ந்து துளையை அடைத்துவிடுகிறது. 2002-இல் சில மருத்துவர்கள் இப்படித் தாமதமாக மூடியதால் இறந்த மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் இது பரவலாக எல்லார் கவனத்துக்கும் வந்தது. மிக மிக அபூர்வம். ஆனால் வந்தால் வேகமாக வரும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை நீர் மாறும் கணக்கைச் சொன்னேன் அல்லவா? வழி அடைத்தால் அழுத்தம் ஏற மாதங்கள் தேவையில்லை, சில மணி நேரமோ ஓரிரு நாளோ போதும்.

எங்கள் பையனுக்கு அப்போது மூன்றரை வயது. காலையில் எழுந்ததும் வாந்தி. மத்தியானம் கொஞ்சம் விளையாடினான். பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள், வயிற்றுக் கோளாறு என்று உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொன்னார். அந்த வாரம் அது ஊரெங்கும் இருந்தது, அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறுநாள் மீண்டும் வாந்தி, அப்புறம் தூக்கம். தங்கை எனக்குப் போன் செய்தாள். "அக்கா, இவன் தூங்குறது தூக்கம் இல்ல. கூப்பிட்டா முழிக்கிறான், உடனே கண்ணு சொருகுது." மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தலையில் நீர் இருந்தது என்று அவன் அப்பா சொன்னார். கேட்க வேண்டிய கேள்வியை அவர்களும் கேட்டார்கள்.

"ஷன்ட் இருக்கிறதா?"

"இல்லை."

உண்மையான பதில். தாளில் "ஷன்ட்: இல்லை" என்று எழுதினார்கள். ஷன்ட் இல்லாத பிள்ளைக்கு ஷன்ட் அடைக்க முடியாது. அந்த ஒரு சொல்லில் தலை என்ற எண்ணமே அங்கிருந்து விலகிப்போனது. நாலு மணி நேரம் அவன் வயிற்றுப்போக்குப் பிள்ளைகளோடு வரிசையில் படுத்திருந்தான். இரவுப் பணிக்கு வந்த ஓர் இளம் மருத்துவர், ஊசி போட இடம் தேடும்போது, அவன் முடிக்குள் தழும்பைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டார். அப்போதுதான் என் தங்கை, "உள்ளே ஓட்டை போட்டிருக்காங்க டாக்டர்" என்றாள். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன், ஆம்புலன்ஸ், அன்று இரவே மறுபடி அறுவை. துளை மேல் வெள்ளையாக ஒரு சவ்வு படர்ந்திருந்ததாம். மீண்டும் திறந்தார்கள். பையன் பிழைத்தான்.

ஸ்கேனிலும் ஒரு பொறி உண்டு. ஈடிவி வெற்றிகரமாக இருந்தாலும் அறைகள் முழுதாகச் சுருங்குவதில்லை. கொஞ்சம் பெரிதாகவேதான் இருக்கும். அதனால் புதிய படத்தை மட்டும் பார்ப்பவருக்கு "பெரிதாகத்தான் இருக்கிறது, எப்போதும் இப்படித்தானோ" என்று தோன்றலாம். பிள்ளை நன்றாக இருந்தபோது எடுத்த படம் பக்கத்தில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். துளை வழியே நீர் ஓடுகிறதா என்று காட்டும் எம்ஆர்ஐ முறையும் இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை. காய்ச்சலும் வாந்தியும் மயக்கமும் உள்ள பிள்ளைக்கு மூளைக்காய்ச்சலைச் சந்தேகித்து முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். வழக்கமாக அது சரியான பரிசோதனைதான். ஆனால் உள்ளே துளை அடைத்து அழுத்தம் ஏறியிருந்தால், கீழிருந்து நீரை இழுக்கும்போது மூளை கீழ்நோக்கிச் சரியும் அபாயம் உண்டு. ஆகவே ஊசிக்கு முன்பே ஈடிவி பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் அறுவையின்போது எங்கள் பையன் தலைத்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் குமிழ் வைத்தார்கள். அது ஷன்ட் இல்லை, எங்கும் வடிக்காது. அவசரம் என்றால் அதில் ஊசி குத்தி நீரை எடுத்து, அறுவைக்குப் போகும் வரை நேரம் வாங்கலாம். எல்லா மருத்துவர்களும் இதை வைப்பதில்லை, வைக்காததற்கும் காரணங்கள் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். குழந்தையின் உடல்நலப் பதிவேடான ரோடு டு ஹெல்த் புத்தகத்தில், தடுப்பூசிப் பக்கத்துக்கு முன்னால், ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. "ஈடிவி செய்யப்பட்டது, ஷன்ட் இல்லை, துளை மூடியிருக்கலாம், நரம்பு அறுவை மருத்துவரை உடனே அழைக்கவும்" என்று பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில். கீழே இரண்டு அறுவைகளின் தேதி, தலையில் குமிழ் இருக்கிறது என்ற குறிப்பு, கடைசியாக நன்றாக இருந்தபோது எடுத்த ஸ்கேனின் தேதி. அவன் அப்பா, அம்மா, ஆயா, என் போன் எல்லாவற்றிலும் அதன் படம் இருக்கிறது. காலை வாந்தி, தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், கண் கீழ்நோக்கியே இருப்பது, கைக்குழந்தையாக இருந்தால் உச்சிக்குழி புடைப்பது, இதில் எது வந்தாலும் காத்திருப்பதில்லை. அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போய் இறங்க முடியாது, பரிந்துரை வேண்டும் என்பது தெரிந்ததே. ஆகவே அருகிலிருக்கும் அவசரப் பிரிவுக்குப் போய், அட்டையைக் காட்டி, அங்கிருந்தே நரம்பு அறுவைப் பிரிவுக்குப் போன் செய்யச் சொல்வோம். வீணாகப் போன பயணங்கள் இரண்டு உண்டு. இரண்டு முறையும் வெறும் வயிற்றுக் கோளாறுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை.

எனக்கு இன்னும் இருக்கும் கவலை அவன் பதின்மூன்று வயதைப் பற்றியது. அரசு மருத்துவமனைகளில் அந்த வயதையொட்டிப் பிள்ளைகள் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறுகிறார்கள். புது மருத்துவர், புதுக் கோப்பு, ஆண்டுக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாத பையன். வரிசையில் நின்று காட்ட வேண்டியதில்லை என்று குடும்பமே சோர்ந்துவிடும் வயது அது. ரோடு டு ஹெல்த் புத்தகமும் அதற்குள் எங்கோ பெட்டியில் போய்விடும். அம்மாவோ ஆயாவோ கூட இல்லாமல் பள்ளிச் சுற்றுலாவிலோ கால்பந்து மைதானத்திலோ அவன் வாந்தி எடுத்தால், சொல்ல வேண்டியவன் அவனே.

அதனால் இப்போதே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவனுக்கு ஒன்பது வயதாகிறது. இந்த ஆண்டு பள்ளி தொடங்கியபோது புது ஆசிரியை அவன் தலையில் இருக்கும் மேட்டைப் பார்த்து, இது ஷன்டா என்று கேட்டாராம். அவன் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லியிருக்கிறான், வீட்டுக்கு வந்து ஆயாவிடம் தமிழில் சொல்லிக் காட்டினான்: "ஷன்ட் இல்ல மிஸ். உள்ள ஒரு ஓட்டை இருக்கு. அது மூடிக்கிட்டா எனக்குத் தூக்கம் வரும், அப்ப நீங்க என்னைத் தூங்க விடக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்."